அப்பத்தா சொன்ன பாஸ்கா



சென்ற ஆண்டுத் தவக்காலத்தின் நான்காம் வாரத்தில் நம் பங்கின் மறைக்கல்வி ஆசிரியை ஒருவர் கையில் ஒரு தாளுடன் பங்கு இல்லத்திற்கு வந்தார். யூத மக்கள் தம் இல்லங்களில் பாஸ்கா விருந்தைக் கொண்டாடும் முறை முழுவதையும் அத்தாளில் அழகாக எழுதி வைத்திருந்தார். கசப்புக் கீரைக்கு வேப்பங்கொழுந்து, உப்பு நீர், அவித்த முட்டை, சுட்ட எலும்புத் துண்டு, நான்கு கிண்ணம் திராட்சை இரசத்திற்குப் பதிலாகப் பிள்ளைகளுக்கு நன்னாரி சர்பத்து. தலையில் துண்டு கட்டி, பஞ்சினால் தாடி ஒட்டிய ஒரு மோசேயும் உண்டு. “ஃபாதர், பெரிய வியாழனன்று அன்பியத்திற்கு ஒரு வீடு என்று வைத்து, பிள்ளைகளைக் கூட்டி இதைச் செய்யலாமா?” என்று கேட்டார்.

சரி என்று சொல்லவும் நமக்கு நா எழவில்லை. வேண்டாம் என்று சொல்லவும் மனம் வரவில்லை. இரண்டு நாள் அவகாசம் கேட்டுக்கொண்டோம். வேடசந்தூரில் நம் பங்கின் பெற்றோர் பலர் நூற்பாலைகளில் மூன்று ஷிப்டுகளாக வேலை பார்ப்பவர்கள். தகப்பன் வீடு திரும்பும்போது பிள்ளை பள்ளிக்குப் போயிருக்கும். பிள்ளை திரும்பும்போது தாய் வேலைக்குக் கிளம்பியிருப்பாள். குடும்பம் முழுவதும் ஒரே பந்தியில் உட்கார்ந்து உண்ணும் இரவு வாரத்தில் ஒன்று வாய்த்தால் பெரிது. அப்படிப்பட்ட ஊரில், பெற்றோரையும் பிள்ளைகளையும் ஓர் இரவு ஒன்றாய் உட்கார வைக்கிறேன் என்று ஒருவர் முன்வருவது சிறு காரியம் அன்று.

பாஸ்கா என்னும் சொல் நமக்குப் புதியதன்று. பாஸ்காத் திருவிழிப்பு என்கிறோம், பாஸ்காத் திரி என்கிறோம். நம் முன்னோர் சிற்றூர்களில் விடிய விடிய நடித்த திருப்பாடுகளின் நாடகத்திற்கும் பாஸ்கு என்றே பெயர். எபிரேயத்தில் ‘பெசாக்’ என வழங்கும் சொல், கிரேக்கம், இலத்தீன் வழியாக நம்மிடம் பாஸ்காவாக வந்து சேர்ந்தது. மேற்கு மலைக்கு அப்பால் கேரளத்துக் கிறிஸ்தவர்களிடம் சிரியாக் மொழியின் வழியாகப் ‘பெசஹா’ ஆயிற்று. ஆயினும், அது முதன்மையாக இல்லத்தின் திருவிழா என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். விடுதலைப் பயண நூலின் பன்னிரண்டாம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். வீட்டுக்கு ஓர் ஆட்டுக்குட்டி. வீடு சிறியதாயின் அண்டை வீட்டாரோடு சேர்ந்துகொள்ளலாம். இடைக்கச்சை கட்டி, மிதியடி அணிந்து, கையில் கோல் பிடித்து விரைந்து உண்ண வேண்டும். இவ்வளவு கண்டிப்பான சட்டங்களுக்கு நடுவே, இதெல்லாம் எதற்கு என்று பிள்ளைகள் கேட்பார்களே, அப்போது அவர்களுக்குச் சொல்ல வேண்டியது இன்னது என்று ஓர் இடம் வருகிறது. அடுத்த அதிகாரத்திலும் அதே பேச்சு. இணைச்சட்ட நூலின் ஆறாம் அதிகாரத்திலும் அதே. பிள்ளையின் கேள்வியை இடையூறாக எண்ணாமல், சட்டத்தின் ஒரு பகுதியாகவே வைத்த வேறொரு சட்டத்தை நாம் கண்டதில்லை.

நீசான் மாதம் பதினான்காம் நாள் சாயும் மாலையில் அந்த விருந்து தொடங்கும். அது முழு நிலவு இரவு. நம் கணக்கில் பெரும்பாலும் பங்குனி நிலவு, சில ஆண்டுகளில் சித்திரை நிலவு. பங்குனி உத்திரத்திற்குப் பழனிக்குக் காவடி சுமந்து நம் மாவட்டத்துச் சாலைகளில் நடப்போர் தலைமேல் காய்வதும் பெரும்பாலும் அதே நிலவுதான்.

விருந்துக்கு முன்னரே வீட்டில் வேலை தொடங்கிவிடும். புளித்த மாவு, பழைய அப்பத் துணுக்கு எதுவும் வீட்டில் எஞ்சி இருக்கலாகாது. முந்தின இரவு தகப்பன் மெழுகுதிரி ஏந்தி முன்னே செல்ல, பிள்ளைகள் மூலை முடுக்கெல்லாம் தேடுவார்கள். தேடுவதற்கு ஏதேனும் இருக்க வேண்டும் என்பதற்காகவே பத்துத் துணுக்குகளை முன்கூட்டியே ஒளித்து வைப்பதும் உண்டு. அகப்பட்டதை இறகினால் கூட்டி எடுத்து மறுநாள் காலை எரித்துவிடுவர். புளியாத அப்பத்திற்கு மாவில் நீர் பட்டது முதல் சுட்டு முடிப்பது வரை பதினெட்டு நிமிடம்தான் கணக்கு. பந்தி அமர்ந்ததும் வீட்டின் கடைக்குட்டி எழுந்து, இந்த இரவு மட்டும் ஏன் வேறு மாதிரி என்று நான்கு வகையாகக் கேட்கும். அந்தக் கேள்வி எழுந்த பின்னரே தகப்பன் கதையைத் தொடங்குவார். விருந்தில் வாசிக்கும் நூலுக்கு ‘ஹகதா’ என்று பெயர். ‘சொல்லுதல்’ என்பதே அச்சொல்லின் பொருள். அதில் நான்கு வகைப் பிள்ளைகள் வருகின்றனர்: அறிவாளி, அடங்காதவன், வெகுளி, நான்காவதாகக் கேட்கவே தெரியாத பிள்ளை. கேட்கத் தெரியாத பிள்ளைக்குக் கேள்விக்குக் காத்திராமல் பெற்றோரே தொடங்கிவிட வேண்டுமாம். நம் மறைக்கல்வி வகுப்புகளில் நான்காம் வகைப் பிள்ளைகளே மிகுதி. கேட்டால் திட்டு விழும் என்று நாமே பழக்கி வைத்திருக்கிறோம்.

இந்த விருந்து நம் நாட்டிற்கு அன்னியம் என்று எண்ண வேண்டாம். கொச்சியில் மட்டாஞ்சேரித் தொழுகைக்கூடம் 1568-இல் கட்டப்பட்டது. அதற்கும் வெகு காலம் முன்னர், கி.பி. 1000-ஆம் ஆண்டையொட்டி, சேர மன்னர் பாஸ்கர இரவிவர்மர் யோசேப்பு ரப்பான் என்ற யூதத் தலைவருக்கு அளித்த செப்பேடு வட்டெழுத்தில், நம் தமிழை ஒட்டிய மொழியில் பொறிக்கப்பட்டது. கொச்சி யூதர் பாஸ்காவுக்கு வீட்டைச் சுண்ணாம்படித்து, கிணற்றை இறைத்துக் கழுவி, அரிசியை மணி மணியாகப் பார்த்துப் பொறுக்கி வைப்பர். ஐரோப்பிய யூதர் பலர் அந்நாள்களில் அரிசியே தொடமாட்டார்கள். கொச்சியாரோ நம்மைப் போல் அரிசி உண்பவர்கள். ஆதலால் அதில் ஒரு கோதுமை மணியும் கலவாதபடி பெண்கள் பல நாள் உழைத்தனர். கொங்கணக் கரையின் பெனே இஸ்ரயேல் மக்களோ, புளிக்காடிச் சாடியை மூடி வைக்கும் திருநாள் என்றே இதற்கு மராத்தியில் பெயர் வைத்திருந்தனர். பம்பாயிலும் கல்கத்தாவிலும் குடியேறிய பாக்தாது யூதரிடம் மற்றொரு வழக்கம்: ஒரு பிள்ளை அப்பத்தைத் துணியில் முடிந்து தோளில் போட்டுக்கொண்டு வந்து நிற்கும், எங்கிருந்து வருகிறாய் என்று பெரியோர் கேட்க, எகிப்திலிருந்து என்னும், எங்கே போகிறாய் என்றால், எருசலேமுக்கு என்னும். இஸ்ரயேல் நாடு 1948-இல் அமைந்த பின் இவர்களுள் பெரும்பாலோர் குடிபெயர்ந்துவிட்டனர். கொச்சியில் இன்று எஞ்சியோர் விரல்விட்டு எண்ணத்தக்கவரே.

இத்தனை அழகிருந்தும் பஞ்சுத் தாடிக்கு நாம் இசையவில்லை. அதன் காரணத்தை ஆசிரியையிடம் சொன்னவாறே இங்கும் சொல்கிறோம். அது இன்றும் உயிரோடிருக்கும் ஒரு மக்களின் வழிபாடு. இன்றைய விருந்து முறை, கி.பி. 70-இல் எருசலேம் ஆலயம் அழிந்து ஆட்டுக்குட்டிப் பலி நின்ற பின்னர் அவர்கள் கண்ணீரோடு உருவாக்கிக்கொண்டது. தட்டில் இருக்கும் சுட்ட எலும்பு அப்பலியின் நினைவு. நம் ஆண்டவர் கடைசி இரவில் உண்டது அப்படியே இதுதான் என்று பிள்ளைகளுக்குச் சொன்னால் அது உண்மையாகாது. மேலும், இதே பாஸ்காக் காலத்தில் ஐரோப்பாவில் கிறிஸ்தவர்களாகிய நம்மவர் யூதர்மேல் கொலைப்பழி சுமத்தி அவர்களை வதைத்த கதை நெடியது. ட்ரெந்து நகரில் 1475-இல் இறந்த சிறுவன் ஒருவனைக் காரணம் காட்டி யூதர்களைக் கொன்றனர். அச்சிறுவனுக்குச் செலுத்தப்பட்ட வணக்கத்தைத் திருச்சபை 1965-இல்தான் நீக்கியது. அதே ஆண்டு அக்டோபர் 28 அன்று சங்கத் தந்தையர், ஆண்டவரின் பாடுகளுக்காக யூதர் அனைவரையும் குற்றஞ்சாட்டலாகாது என்று அறிவித்தனர். அமெரிக்க ஆயர்களின் வழிபாட்டுக் குழுவும் 1988-இல், இவ்விருந்தைக் கிறிஸ்தவச் சடங்காக மாற்றிக் கொண்டாட வேண்டாம் என்று அறிவுறுத்தியது. யூத நண்பர் அழைத்தால் விருந்தினராகப் போய் அமர்வோம்; அவர் இல்லாத இடத்தில் அவர் வேடம் போட வேண்டாம்.

“அப்படியானால் பிள்ளைகளுக்கு ஒன்றுமே இல்லையா, ஃபாதர்?” என்றார் ஆசிரியை. முகம் வாடிவிட்டது.

வழி காட்டியவர் நம் பங்கில் வாழும் கேரளத்துச் செவிலியர் ஒருவர். ஆண்டுதோறும் பெரிய வியாழன் இரவு வாழையிலையில் பொதிந்து ஓர் அப்பத்தைப் பங்கு இல்லத்திற்குக் கொடுத்தனுப்புபவர் அவர். அதுதான் பெசஹா அப்பம். தோமையார் வழிக் கிறிஸ்தவர் இல்லங்களில் அன்றிரவு வீட்டுத் தலைவர் செபம் சொல்லி, அப்பத்தை வெட்டி, மூத்தவர் தொடங்கி இளையவர் வரை பகிர்ந்து கொடுப்பார். இது வேடமன்று, கிறிஸ்தவக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்த வழக்கம். செய்முறையும் அவரே சொன்னார். பச்சரிசி மாவோடு கொஞ்சம் உளுந்து, தேங்காய், சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம் அரைத்துச் சேர்த்து, மாவைப் புளிக்க விடாமல் உடனே ஆவியில் வேக வைப்பது. மேலே குருத்து ஞாயிறன்று பெற்ற ஓலையைச் சிலுவையாக வைப்பது. தொட்டுக்கொள்ளத் தேங்காய்ப்பாலில் வெல்லமும் ஏலமும் சுக்கும் சேர்த்துக் காய்ச்சிய பால். “இட்லிக்கு மாவை ராத்திரி முழுக்கப் புளிக்க வெப்போம்; இதுக்கு அடுப்பு காத்திருக்கணும், மாவு காத்திருக்கக் கூடாது” என்றார். இன்னொன்றும் சொன்னார்: அவ்வாண்டில் சாவு விழுந்த வீட்டில் அப்பம் சுடுவதில்லை; உற்றார் அயலார் கொண்டுவந்து கொடுப்பார்களாம்.

எனவே ஓர் அன்பியத்தில் மட்டும், ஆலயத்திற்குப் பின் தெருவில் ஒரு வீட்டில், ஏழெட்டுக் குடும்பங்கள் கூடின. நற்கருணை ஆராதனைக்கு இடையே அரை மணி நேரம் நாமும் போயிருந்தோம். அப்பம் நடுவில். அவ்வீட்டுப் பையன், மூன்றாம் வகுப்புப் படிப்பவன், எழுந்து ஆசிரியை சொல்லிக்கொடுத்தபடியே கேட்டான்: “இன்னிக்கு மட்டும் ஏன் புளிக்காத அப்பம் சாப்பிடுறோம்?” ஆலையில் வேலை பார்க்கும் அவன் தந்தை, தாளைப் பார்த்து வாசித்தார்: எகிப்தில் அடிமைப்பட்டிருந்த நம்மை ஆண்டவர் மீட்டுக்கொண்டு வந்த இரவு இது.

பையன் உட்காரவில்லை. “நாமளா? நாம எப்பப்பா எகிப்துல இருந்தோம்?”

எல்லாரும் சிரித்து நம் முகத்தைப் பார்த்தனர். குருமடத்தில் கற்ற விளக்கத்தை எடுத்தோம்: பழைய ஏற்பாட்டின் நிழல், புதிய ஏற்பாட்டின் நிறைவு, பாவ அடிமைத்தனம். பையன் மரியாதைக்குத் தலையாட்டினான். பன்னிரண்டு வயதில் பாஸ்காவுக்கு எருசலேம் சென்று அங்கே போதகர்களிடம் கேள்வி கேட்டுக்கொண்டிருந்த மற்றொரு பையனுக்கும் இப்படித்தான் யாரேனும் மறுமொழி சொல்லியிருப்பார்களோ என்னவோ.

அப்போது சுவரோரம் சாய்ந்திருந்த அவன் அப்பத்தா வாய் திறந்தார். “எகிப்து எந்தத் தெசையில இருக்குன்னு எனக்குத் தெரியாது அப்பு. அடிமைன்னா என்னான்னு உங்க தாத்தாவக் கேட்டிருந்தாச் சொல்லியிருப்பாரு.”

“அம்மா, இப்ப எதுக்கு அது?” என்றார் மகன். குரல் தாழ்ந்திருந்தது, ஆனால் அதில் கெஞ்சலும் கோபமும் கலந்திருந்தன. அந்த அம்மா நம்மைப் பார்த்தார். “சொல்லட்டுமா சாமி?” நாம் “சொல்லுங்கம்மா” என்றோம்.

தாத்தாவுக்கு ஒன்பது வயதாயிருக்கும்போது அவர் தகப்பனார் அறுபது ரூபாய் கடனுக்காக அவரை ஒரு பண்ணையில் ஆடு மேய்க்க விட்டிருக்கிறார். கடன் தீரவில்லை, வட்டி வளர்ந்தது, பையனும் வளர்ந்தான். பதினொரு ஆண்டுகள். படுக்கை ஆட்டுக் கிடையில். உடன்பிறந்தவள் திருமணத்திற்குக்கூட விடவில்லையாம். ஓர் அமாவாசை இரவு அவர் தாயார் கிடைக்கே போய் மகனை எழுப்பியிருக்கிறார். “கூழு புளிக்கக் காத்திருக்க முடியுமா? கம்மங்களியக் கிண்டி, சூட்டோட துணியில முடிஞ்சு கையில குடுத்து, திரும்பிப் பாக்காமப் போடான்னாங்களாம் எங்க மாமியா.” விடியுமுன் திண்டுக்கல்லுக்கு நடந்து சேர்ந்து தோல் ஷாப்பில் வேலைக்கு நின்றார். மறுநாள் பண்ணை ஆட்கள் வந்து வீட்டுப் பாத்திரங்களை அள்ளிச் சென்றனர். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-இல் வந்தது. இது அதற்குப் பத்தாண்டுகளுக்கு முந்திய கதை.

அறையில் ஒருவரும் பேசவில்லை. பையன்தான் கேட்டான்: “அந்த ஆடெல்லாம் என்னாச்சு அப்பத்தா?”

“அதுக எங்க போகும்? பண்ணைக்காரரு ஆடுதானே. அதுகளப் பிரியத்தான் தாத்தாவுக்கு மனசு வரலயாம்.”

பிறகு அந்த அம்மாவே அப்பத்தை வெட்டிக் கொடுத்தார்.

கதை இத்துடன் முடிந்திருந்தால் நாம் மகிழ்ச்சியோடு எழுதியிருப்போம். பாஸ்கா முடிந்து இரண்டாம் வாரம் அந்தத் தந்தை பங்கு இல்லத்திற்கு வந்தார். நாற்காலியில் உட்கார மறுத்துவிட்டார். எட்டாம் வகுப்புப் படிக்கும் அவர் மகள், தாத்தா தப்பி வந்த கதையைப் பள்ளி வேனில் தோழிகளிடம் பெருமையோடு சொல்லியிருக்கிறாள். ஒருத்தி, “அப்ப நீங்க என்ன ஆளுங்க?” என்று கேட்டாளாம். மறுநாள் முதல் அவள் பக்கத்தில் ஒருவரும் உட்காரவில்லை. “அந்தக் கேள்வி எம் பிள்ளைங்க காதுல விழக்கூடாதுன்னு பதிமூணு வருசமாப் பாத்துக்கிட்டு இருந்தேன், ஃபாதர். ஒரு ராத்திரியில நடுவீட்டுல வெச்சுச் சொல்ல வெச்சுட்டீங்க.”

நாம் நமக்குத் தெரிந்ததைச் சொன்னோம். பாஸ்கா இரவில் கதையை இழிவிலிருந்து தொடங்கிப் புகழ்ச்சியில் முடிக்க வேண்டும் என்று யூதரின் மிஷ்னா நூல் விதிக்கிறது. அரசர் வழி வந்தோம் என்று தொடங்க இடமில்லை. அடிமை என்றே தொடங்க வேண்டும். அதைச் சொல்லிச் சொல்லியே அந்த மக்கள் நிமிர்ந்து நின்றார்கள் என்றோம்.

அவர் சற்று நேரம் தரையைப் பார்த்தபடி நின்றுவிட்டுச் சொன்னார்: “அந்தப் பந்தியில உக்காந்திருக்கிற எல்லாருமே அடிமையா இருந்தவங்க, ஃபாதர். நம்ம அன்பியம் அப்படியா?”

முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் குருவாக இருக்கிறோம். இதற்கு மறுமொழி நம்மிடம் அன்றும் இல்லை; இன்றும் இல்லை. அன்றிரவு அந்த அறையில் யார் யார் இருந்தனர், எவருடைய முன்னோர் கடன் கொடுத்தவர், எவருடைய முன்னோர் கடன்பட்டவர் என்று நாம் எண்ணிப் பார்க்காமலேயே “சொல்லுங்கம்மா” என்றுவிட்டோம். அந்த அம்மா சொன்னதில் பிழையில்லை. அதைச் சொல்வதற்கு நாம் அமைத்த சபையில்தான் பிழை. வேனில் அவ்வாறு கேட்ட சிறுமியும் ஞாயிறுதோறும் நம் கையில் நற்கருணை வாங்குகிறவளாக இருக்கலாம்.

ஆகையால் இவ்வாண்டு அன்பியக் கூட்டமாக வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறோம். விரும்பும் இல்லங்களில், பெரிய வியாழன் திருப்பலி முடிந்து வந்தபின், அந்தந்தக் குடும்பத்தார் மட்டும் அமர்க. அப்பம் சுட இயலாதவர் கொழுக்கட்டை பிடித்தாலும் போதும். சிறு பிள்ளை கேட்கட்டும். கேட்கத் தெரியாத பிள்ளையாயின் நீங்களே தொடங்குங்கள். தாளைப் பார்த்து வாசிக்க வேண்டாம். ஆண்டவர் எகிப்திலிருந்து தம் மக்களை அழைத்து வந்ததையும், அவ்விரவு நினைவாகவே இயேசு தம் நண்பரோடு பந்தி அமர்ந்ததையும் உங்கள் வாயால் சொல்லுங்கள். அதன் பிறகு உங்கள் வீட்டுக் கதை எது என்பது உங்களுக்குத் தெரியும். அதில் கடன்பட்டவர் இருந்தாலும் சொல்லுங்கள். கடன் கொடுத்துப் பிறர் பிள்ளையைப் பிடித்து வைத்தவர் இருந்தால் அதையும் சொல்லுங்கள். பின்னதைச் சொல்வதே கடினம். நம் பங்கில் அதைச் சொல்ல வேண்டிய வீடுகளும் உண்டு.

அந்த அப்பத்தா கார்த்திகை மாதத்தில் இறைவனடி சேர்ந்தார். நோயில் பூசுதல் கொடுக்கச் சென்றபோது பையன் கட்டிலருகே உட்கார்ந்து, ஆட்டுக் கதையை மறுபடியும் கேட்டுக்கொண்டிருந்தான். இந்தத் தடவை ஆடுகளுக்குப் பெயரெல்லாம் இருந்தது.

சாவு விழுந்த வீடாதலால் இவ்வாண்டு அங்கே அப்பம் சுடமாட்டார்கள். செவிலியர் தாமே கொண்டுபோய்க் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். சென்ற ஞாயிறு திருப்பலி முடிந்ததும் அந்தத் தந்தை நம்மிடம் வந்து, வியாழன் இரவு ஷிப்டைப் பகலுக்கு மாற்றித் தரும்படி மேஸ்திரியிடம் கேட்டிருப்பதாகச் சொன்னார், காரணம் சொல்லவில்லை. கம்மங்களி எப்படிக் கிண்டுவது என்று அவர் மகள் பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் கேட்டுக்கொண்டிருந்ததை மட்டும் ஆசிரியை பார்த்திருக்கிறார்.